உள்மடிப்பு

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் மடிப்புக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் அது. துணியை வெட்டி, கீழ் ஓரத்தை அவனே மடித்துத் தைத்து, இரண்டு தடித்த காகித அச்சுக்கு நடுவே வைத்து, அச்சோடு சேர்த்து மடக்கிச் சுருட்டி, கயிறு போட்டு இறுக்கி, நீராவிப் பெட்டிக்குள் தள்ளிவிடுவான். ஆறவிட்டு வெளியே எடுத்தால் அந்த மடிப்பு துவைத்தாலும் போகாது, உட்கார்ந்தாலும் போகாது, பெட்டியில் போட்டு மேலே யானையை ஏற்றினாலும் போகாது. நான் தையல்காரி. அவன் மடித்துக் கொடுக்கும் பாவாடைகளுக்கு இடுப்புப் பட்டி வைப்பது என் வேலை. எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் அவன் நீராவி, இந்தப் பக்கம் என் மெஷின், நாள் முழுக்க சுவர் வழியாகவே சண்டை. கைவேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. யோசிப்பதில்தான் கொஞ்சம் மந்தம், அதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

என் மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு பெண்கள் ஆட ஒரு நடனம். அதற்கான பாவாடைகள் எங்களிடம் வந்தன. பள்ளியே அரக்கு நிறத் துணி வாங்கிக் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு பாவாடையிலும் சுற்றிவர நான்கு உள்மடிப்பு வேண்டும் என்றார் டான்ஸ் டீச்சர். உள்மடிப்பு என்றால், இரண்டு பக்கத் துணியும் விளிம்போடு விளிம்பு வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு முழத் துணி அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நின்றால் குழாய் போல நேராக இருக்கும். சுற்றினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும், பாவாடை குடை போல விரியும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் என் மகளும் ஒருத்தி. இதை அவள் சொன்னபோது நான் ஊசியைக் கீழே போட்டேன். என் மகள் பருமன். சொல்வதற்கு எனக்கொன்றும் வெட்கமில்லை, வெட்கமெல்லாம் அவளுக்குத்தான். வகுப்புப் புகைப்படம் எதை எடுத்துப் பார்த்தாலும் கடைசி வரிசையில், பாதி உடம்பு இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படிதான் நிற்பாள். வீட்டுக்கு யாராவது வந்தால் புத்தகமும் கையுமாக உள்ளறைக்குப் போய்விடுவாள். போன வருடம் மேடையேறிப் பரிசு வாங்கக் கூப்பிட்டார்கள், காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவள் ஆடப் போகிறாளா?

"சும்மா கூட்டத்துக்கு ஆள் வேணுமாம் மா. பின்னாடிதான் நிக்கணும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பாவாடை தைத்து முடிந்ததும் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தினேன். மடிப்புகள் கலையாமல் இருக்க, தம்பி மேலிருந்து கீழ்வரை வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டு மூடியிருந்தான். மேடையேறும்போதுதான் அதை வெட்டி எடுக்க வேண்டும். அவள் முன்னால் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், கழுத்தை ஒடித்துக்கொண்டு பின்னால் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் ஒல்லியா தெரியறேன் இல்ல?"

அந்த முகத்தை நான் என் மகளிடம் அதுவரை பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து தினமும் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. தரை அதிரும், அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். நான் காதில் விழாத மாதிரி மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். இந்தப் பாவாடை அவளை ஒருமுறை மேடையில் நிறுத்திவிட்டால் போதும், பிறகு அவள் எங்கேயும் ஒளிய மாட்டாள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை பிறந்துவிட்டது.

தம்பிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "நம்ம பூசணி ஆடப் போகுதாமே? மேடைக்கு அடியில ரெண்டு முட்டு குடுத்து வைக்கச் சொல்லுக்கா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான். அவனுக்கு அவள்மேல் உயிர். காய்ச்சல் என்றால் வேலையைப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பாசத்துக்குக் குறைவில்லை, வாய்க்குத்தான் வேலி கிடையாது.

விழா அன்று அரங்கம் சின்னது என்பதால் பெற்றோர்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரே நிகழ்ச்சி மதியம் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. இரண்டுக்கும் இருந்து மடிப்புகளைச் சரி பார்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். மதியம் மேடைக்குப் பின்னால் நானே உட்கார்ந்து பன்னிரண்டு பாவாடைகளின் ஓட்டுத்தையலையும் பிளேடால் வெட்டி எடுத்தேன். நூல் போன பிறகும் ஒரு மடிப்பும் வாய் திறக்கவில்லை, அப்படியே அடங்கி நின்றது. என் தம்பியின் கைக்கு மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன்.

பிறகு அரங்கத்துக்குள் போய், பின்வரிசை நன்றாகத் தெரிகிற மாதிரி ஓரமாக ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் தம்பி. விளக்கு அணைந்தது, திரை விலகியது, பாட்டு தொடங்கியது. பின்வரிசையில் என் மகள் கை அசைத்துக்கொண்டிருந்தாள். அழகாகத்தான் அசைத்தாள். பயந்த முகமில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

திடீரென்று முன்வரிசை இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அந்த வழியில் என் மகள் நடந்து வந்தாள். தலையை நிமிர்த்திக்கொண்டு, மேடையின் நட்டநடுவுக்கு. மற்ற பதினோரு பேரும் அவளைச் சுற்றி மண்டியிட்டார்கள்.

தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்தக் கள்ளி! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, இவ எதுக்கு நடுவுல வர்றா?" என்றான் தம்பி.

"ஆடத்தான்டா வர்றா, பேசாம பாரு."

"சுத்துவாளா?" அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அக்கா, சுத்துவாளா இவ?"

சுற்றினாள். பாவாடை மேலெழுந்தது. நான்கு மடிப்பும் ஒன்றாகத் திறந்தன. உள்ளே ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. சாக்பீஸ் பொடி அப்பிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த சுற்றில் அது எழுத்து என்று தெரிந்தது. அதற்கடுத்த சுற்றில் படித்துவிட்டேன். உள்ளங்கை உயரத்துக்கு, வெள்ளைச் சாயத்தில், நான்கு மடிப்பிலும் ஒரே சொல்.

விற்பனைக்கு.

என் மகளின் உடம்பில் இருந்து அந்தச் சொல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பிறகு பின்னாலிருந்து எவனோ ஒரு ஆண், "மொத்த விலையா, சில்லறையா?" என்றான். குபீரென்று சிரிப்பு. ஒரு விசில். அதைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து விசில்.

இதில் என்னை உயிரோடு கொன்றது எது தெரியுமா? என் மகள் அந்த விசிலைக் கேட்டுச் சிரித்தாள். அவளுக்குத்தான் விசிலடிக்கிறார்கள், அவள் ஆட்டத்துக்குத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பல் தெரியச் சிரித்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சுற்றினாள். பாட்டு முடிந்து திரை மூடும்வரை ஒரு முட்டாள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தம்பி பேயறைந்தவன் மாதிரி இருந்தான். சட்டையைப் பிடித்து வெளித் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடா அது? எங்க இருந்துடா வந்தது?"

"துணி பத்தலைக்கா. மத்த பொண்ணுங்க அளவுக்குக் கணக்குப் பண்ணிக் குடுத்திருக்காங்க. நம்ம பாப்பாவுக்கு வெட்டினா நாலு உள்மடிப்புக்கும் துண்டு விழுது. அதே மில்லுக்காரன் சாம்பிளுக்குன்னு அனுப்பின மாதிரித் துணி என்கிட்ட கிடந்தது. அதே கலரு, அதே தினுசு. யாரும் எடுத்து வித்துடக் கூடாதுன்னு மாதிரித் துணியில முத்திரை குத்தித்தான் அனுப்புவான். உள்ள போற துணிதானே, யார் பாக்கப் போறான்னு வெச்சு மடிச்சுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா கத்துவே."

"இப்ப என்னடா பண்ணிக்கிட்டிருக்கேன்? கொஞ்சிக்கிட்டா இருக்கேன்?"

"அக்கா, சத்தியமா சொல்றேன், அதுல தப்பா ஒண்ணும் எழுதலை. 'விற்பனைக்கு அல்ல'ன்னுதான் இருக்கு, ரெண்டு வரியா. மேல 'விற்பனைக்கு', கீழ 'அல்ல'. அந்தக் கீழ் வரி ஓர மடிப்புக்குள்ள போயிடுச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! பாவாடையின் கீழ் ஓரத்தை நான்கு விரல் அகலம் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறான். இருந்த ஒரே நல்ல சொல்லைத் தேடிப் பிடித்து அதற்குள் போட்டு மூடிவிட்டு, மிச்சத்தை ஊருக்குக் காட்டியிருக்கிறான். அவனை அங்கேயே நாலு அறை அறைந்திருப்பேன். ஆனால் டீச்சர் ஓடி வந்துவிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவளுக்கு இன்னும் தெரியாது. பொண்ணுங்க யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த ஷோவுக்கு நேரமாகுது. என்ன பண்றதுன்னு சொல்லுங்க. வேற பொண்ண நடுவுல போட்டுடட்டுமா?"

"வேண்டாம். நான் மடிப்ப மூடித் தெச்சுடறேன்" என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

உடை மாற்றும் அறைக்குள் போனேன். ஓரத்தில் நாலைந்து பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள், என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார்கள். என் மகள் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். வேர்வையில் நனைந்திருந்தாள், நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது.

"அம்மா, பாத்தியா? உனக்குச் சொல்லவே கூடாதுன்னு டீச்சர்கிட்ட சத்தியம் வாங்கினேன். விசில்கூட அடிச்சாங்கம்மா! கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சுடி."

"எனக்கா மா அவ்வளவு சத்தம்?"

நான் என்ன சொல்ல? தலையை ஆட்டினேன். தாய் என்று ஒருத்தி இருந்து, பொய்யாகத் தலையை ஆட்டினேன். பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் மண்டியிட்டேன்.

"திரும்பி நில்லு. மடிப்பு கொஞ்சம் லூசா இருக்கு, ரெண்டு தையல் போட்டுடறேன்."

முதல் மடிப்பைப் பாதிவரை மூடியிருப்பேன். அவள் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"என்னமா, வாயை மூடித் தெக்கறே? அப்புறம் எப்படி விரியும்?"

"விரியும் விரியும்."

"எப்படி மா விரியும்? தெச்சா சுத்தவே முடியாது. கால் மாட்டிக்கும்." அவள் குனிந்து பக்கத்து மடிப்பை இரண்டு கையாலும் பிடித்து, எனக்கு விளக்கிக் காட்டுவதற்காக விரித்தாள்.

விரித்தவள் அப்படியே நின்றாள். உதடு மட்டும் அசைந்தது, படிக்கிறாள் என்று தெரிந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த மடிப்பைத் திறந்தாள். அதற்கடுத்ததை. நான் தைத்த மடிப்பை நூல் அறுபட இழுத்துத் திறந்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணின் பாவாடையைப் பிடித்து அதன் மடிப்பை விரித்துப் பார்த்தாள். வெறும் அரக்குத் துணி. இன்னொருத்தியுடையதைப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

"எனக்கு மட்டுமா?" என்றாள்.

எல்லாப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். என் மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு நான் ஊசியோடு மண்டியிட்டபடியே இருந்தேன். விசில் எதற்கு என்று அவளுக்கு இப்போது புரிந்துகொண்டிருந்தது. இனி இவளை வீட்டு வாசலுக்குக்கூடக் கொண்டுவர முடியாது என்றுதான் நினைத்தேன்.

தம்பி கதவோரமாக நின்றிருந்தான். அவள் நேராக அவனிடம் போனாள்.

"மாமா, இது உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணு, மாமா சொல்றதக் கேளு. 'விற்பனைக்கு அல்ல'ன்னுதான்டா இருக்கு. 'அல்ல' ஓரத்துக்குள்ள போயிடுச்சு. துணி பத்தலை, அதனாலதான்."

"எழுத்து இருக்குன்னு தெரிஞ்சேதான் வெச்சீங்களா?"

"உள்மடிப்புலதானே வெச்சேன்? நின்னா ஒண்ணும் தெரியாதுடா."

"சுத்தினா?"

அவன் குனிந்து அவள் பாவாடை மடிப்பை இழுத்து மூடப் பார்த்தான்.

"சுத்தினா தெரியும்னு உங்களுக்குத் தெரியாதா மாமா? இதுதானே உங்க தொழில்?"

"நீ சுத்துவேன்னு நான் நினைக்கலைடா" என்றான் தம்பி. "நீ எப்பவும் பின்னாடிதானே நிப்பே..."

அவன் என்ன சொன்னான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

அவள் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் அப்படித்தான் நினைச்சியா மா?"

இல்லைடி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஓரத்து நாற்காலி ஞாபகம் வந்தது. ஏற்கெனவே ஒரு பொய்க்குத் தலையாட்டியாயிற்று, இன்னொன்றுக்கு எனக்குத் தெம்பில்லை.

"ஆமாடி" என்றேன்.

பளார் என்று யாரோ அறைந்த மாதிரி அவள் கண்ணை மூடித் திறந்தாள். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அவள் அழவில்லை. டீச்சர் மெதுவாக அவள் தோளில் கை வைத்தார்.

"பரவாயில்லைமா. இந்தத் தடவை நீ கடைசியில நில்லு. இல்லைன்னா வீட்டுக்குக்கூடப் போ, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நடுவுல நான் வேற ஆளை..."

"நடுவுல நான்தான் டீச்சர்" என்றாள் என் மகள். பிறகு என்னிடம், "ஓரத்தப் பிரி மா" என்றாள்.

"என்னது?"

"கீழ் ஓரத்தப் பிரி. அந்த இன்னொரு வார்த்தையும் வெளிய வரட்டும்."

"பைத்தியமாடி உனக்கு? எல்லாரும் மறுபடியும்..."

"நீ பிரிக்கிறியா, நானே பிரிச்சுக்கட்டுமா?"

என் மகளா இப்படிப் பேசுகிறாள்? கடைக்குப் போனால் என்ன வேண்டும் என்று கேட்கக்கூட என் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைக் கிள்ளுகிறவள். நான் மலைத்துப்போய்ப் பிளேடை எடுத்தேன். ஒரு பக்கம் நான் பிரித்தேன், மறுபக்கம் தம்பி தரையில் உட்கார்ந்து பிரித்தான். அவன் இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டான். ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. ஓரம் அவிழ்ந்து கீழே இறங்கியது. பாவாடை கணுக்கால்வரை நீண்டது. விளிம்பில் நூல் பிசிறு பிசிறாகத் தொங்கியது. பழைய ஓர மடிப்பின் கோடு மட்டும் சுற்றிவர அப்படியே இருந்தது. தேய்த்துப் பார்த்தேன், நீவிப் பார்த்தேன், போகவில்லை. நீராவியில் வெந்த மடிப்பு எங்கே போகும்?

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்படியேவா அனுப்பப் போறீங்க?"

"நான் அனுப்பலை டீச்சர். அவ போறா" என்றேன்.

இந்த முறை நான் நாற்காலிக்குப் போகவில்லை. மேடைப் பக்கத் திரைக்கு ஓரமாக நின்றேன். தம்பியும் வந்து நின்றான், விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு. மதியம் பார்த்தவர்கள் வெளியே சொல்லிவிட்டிருந்தார்கள். மாலைக்கூட்டம் உட்காரும்போதே ஒரு சலசலப்போடுதான் உட்கார்ந்தது. பாட்டு தொடங்கியது. முன்வரிசை பிரிந்தது. அவள் நடந்து வந்து நின்றதுமே அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் முதுகு ஒருமுறை விறைத்ததை நான் பார்த்தேன். திரையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி ஓடி வந்துவிடு கண்ணே, அம்மா கட்டிக்கொள்கிறேன் என்று எனக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

அவள் சுற்றினாள். முதலில் மெதுவாக. மெதுவாகச் சுற்றினால் மடிப்பு பாதிதான் திறக்கும், சொல்லும் பாதிதான் தெரியும். சிரிப்பு இன்னும் கூடியது. அவள் வேகத்தைக் கூட்டினாள். நீளம் கூடின பாவாடை காலில் தட்டியது, தடுமாறினாள், யாரோ 'ஐயோ' என்றார்கள். காலை ஊன்றிக்கொண்டு மறுபடியும் சுற்றினாள். நான்கு மடிப்பும் அடிவரை திறந்து, பிய்ந்த ஓரம் மேடையைச் சுற்றி விசிறிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் படிக்கத் தொடங்கினார்கள்.

பாட்டு நின்றது. மற்றப் பெண்கள் வணங்கி எழுந்து திரை மூடக் காத்திருந்தார்கள். அவள் மட்டும் தனியாக மேடையின் முன் விளிம்புக்கு நடந்தாள். மூச்சு வாங்கியது. குனிந்து முன் மடிப்பை இரண்டு கையாலும் பிடித்து, நாங்கள் கடையில் துணியை விரித்துக் காட்டுகிற மாதிரி, அகலமாக விரித்துப் பிடித்தாள். மேலே ஒரு சொல், அதன் கீழே ஒரு சொல். நடுவில் போகாத அந்தக் கோடு. முன்வரிசை படிக்கும்வரை நின்றாள். கடைசி வரிசை எழுந்து நின்று எட்டிப் படிக்கும்வரையும் நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கைதட்டவும் இல்லை. திரை இழுக்கிறவர் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

நான் என் மகளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தம்பி விம்மிக்கொண்டிருந்தான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.